செபிக்க முடியாத நாள்களில்



நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அந்திச் செபத்தின்போது விசுவாச மந்திரம், நம்பிக்கை மந்திரம், தேவசிநேக மந்திரம் என்று மூன்றையும் வரிசையாகச் சொல்லுவோம். அன்று ‘விசுவாசம்’ என்றதை இன்று ‘நம்பிக்கை’ என்கிறோம்; அன்று ‘நம்பிக்கை’ என்றது இன்று ‘எதிர்நோக்கு’ ஆகியிருக்கிறது. 1995இல் பொது மொழிபெயர்ப்புத் திருவிவிலியம் வந்த பிறகு இந்தச் சொல் திருப்பலி வாசகங்களிலும் மறைக்கல்வி வகுப்பிலும் நிலைத்துவிட்டது. பிள்ளைகளுக்குப் பழகிவிட்டது, பாட்டிமார் நாவில் இன்னும் ஒட்டவில்லை. 2025 யூபிலி ஆண்டின் கருப்பொருளே ‘எதிர்நோக்கின் திருப்பயணிகள்’ என்பதால், அந்த ஆண்டு முழுவதும் ஆலய முகப்பில் அதைப் பார்த்துக்கொண்டே போய்வந்தோம்.

சொல் புதிது என்றாலும் பொருள் நம் கடற்கரைக்குப் பழையது. எதிர்நோக்கு என்றால் எதிரே நோக்குவது. வள்ளம் கரை திரும்பும் நேரம் தப்பினால், அடுப்பை அணைத்துவிட்டு மணலில் வந்து நின்று கண்ணுக்கு எட்டிய தூரம்வரை பார்க்கிறாளே ஒரு பெண், அவளுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. நாம் இன்று சிந்திக்க விரும்புவது அதற்கு அடுத்த கட்டத்தை. பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போன பிறகு என்ன? வரவில்லை, வரப்போவதும் இல்லை என்று தெரிந்த பிறகு எதை நோக்குவது? செபமாலையைக் கையில் எடுத்தால் மணி நகர மறுக்கிறது. கோயிலுக்குள் வந்தால் சுவர்தான் தெரிகிறது. அந்த நாள்களில் ஒரு கிறிஸ்தவருக்கு எதிர்நோக்கு இருக்கிறதா, இல்லையா?

2017 நவம்பர் 29 இரவையும் 30ஆம் தேதியையும் இம்மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. நவம்பர் 30 திருத்தூதர் அந்திரேயாவின் திருநாள்; கலிலேயக் கடலில் வலைவீசிக்கொண்டிருந்தவர் அவர். அன்று காலை ஒக்கி புயல் நம் கரைக்கு அருகே உருக்கொண்டது. உள்நாட்டில் இருந்த நமக்கு முதலில் தெரிந்தது சாய்ந்த வாழையும் முறிந்த ரப்பரும், நாள்கணக்கில் வராத மின்சாரமும்தான். கடலில் நடந்தது பிறகுதான் முழுதாகத் தெரிந்தது. ஆழ்கடலில் பல நாள் தங்கித் தொழில் செய்கிறவர்கள் எச்சரிக்கை வருவதற்கு முன்பே புறப்பட்டுப் போயிருந்தார்கள்; கைப்பேசி எட்டாத தூரம். திருவனந்தபுரம் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த தூத்தூர் வட்டாரத்தில், நீரோடியிலிருந்து இரயுமன்துறை வரையுள்ள ஊர்களில், எத்தனையோ வீடுகளின் ஆண்கள் திரும்பவில்லை. டிசம்பர் 7ஆம் தேதி அம்மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டுவந்து குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். தேடுங்கள் என்பதுதான் அவர்கள் கேட்டது.

2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்புக்கு மறுநாள் ஞாயிறு, ஆழிப்பேரலை வந்தது. குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் மொத்தமாக அடக்கம் செய்தோம். அது கொடுமைதான். ஆனாலும் அங்கே போய் நிற்க ஓர் இடம் இருக்கிறது. ஆண்டுதோறும் பூ வைக்கிறார்கள், மெழுகுதிரி ஏற்றுகிறார்கள். ஒக்கியில் போன பலருக்கு அந்த இடமும் இல்லை.

பங்கு அலுவலகத்தில் திருப்பலிக் கருத்து எழுதும் நோட்டை நினைத்துப்பாருங்கள். முதல் வாரங்களில் ‘நலமாகத் திரும்பி வர’ என்று எழுதச் சொன்ன குடும்பம், எந்த நாளில் அதை ‘ஆன்ம இளைப்பாற்றிக்காக’ என்று மாற்றிச் சொல்லும்? மாற்றினால் அவரை நாமே கைவிட்டதுபோல. மாற்றாவிட்டால் அவருக்குச் செய்ய வேண்டிய கடமையைச் செய்யாததுபோல. நம் நாட்டுச் சட்டப்படி ஒருவரைப் பற்றி ஏழு ஆண்டுகள் எந்தத் தகவலும் இல்லையென்றால்தான் அவரை இறந்தவராகக் கொள்ள முடியும். ஒக்கியில் காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கு நிவாரணம் கிடைப்பதற்காக அந்தக் காலக்கெடு தளர்த்தப்பட்டது. அலுவலகத்துக்கு அப்படி ஒரு வழி கிடைத்தது. வீட்டில் இருந்த தாய்க்கு யார் காலக்கெடுவைத் தளர்த்திக் கொடுப்பது? இப்போது அந்த ஏழு ஆண்டுகளும் கடந்துவிட்டன.

அந்த வீடுகளுக்குப் போனபோது நாம் என்ன சொன்னோம்? இதை மனம் திறந்து ஒத்துக்கொள்ள வேண்டும். ‘எல்லாம் ஆண்டவர் சித்தம்’ என்றோம். ‘அழாதே, விசுவாசத்தோடு இரு’ என்றோம். ‘கடவுளுக்குப் பிரியமானவர்களைத்தான் அவர் சீக்கிரம் எடுத்துக்கொள்வார்’ என்றுகூடச் சொன்னவர்கள் உண்டு. நல்ல மனதோடுதான் சொன்னோம். என்ன பேசுவதென்று தெரியாத பயம் அது. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்ட பிறகு சிலர் கோயிலுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார்கள். அவர்களுடைய விசுவாசம் குறைந்துவிட்டது என்று நாம் நினைத்தோம். தன் பிள்ளையைப் பறித்தவர் கடவுள்தான் என்று நாமே சொல்லிவிட்டு, அந்தக் கடவுளை வந்து கும்பிடு என்றும் அழைத்தால், அந்தத் தாய் எப்படி வருவாள்?

விவிலியத்தில் இதே தவற்றைச் செய்த மூவர் இருக்கிறார்கள். யோபுவின் நண்பர்கள் எலிப்பாசு, பில்தாது, சோப்பார். அவர்கள் முதலில் செய்தது மிக நல்ல காரியம். ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள் (யோபு 2:13). நம் ஊர்த் துக்க வீட்டு வழக்கமும் அதுதான். எட்டாம் நாள் வாயைத் திறந்தார்கள். அங்கே தொடங்கியது வினை. நீ ஏதோ பாவம் செய்திருப்பாய், கடவுள் காரணமில்லாமல் அடிக்கமாட்டார் என்று ஆளுக்கொரு விளக்கம். யோபு விடவில்லை. கடவுளோடு வழக்காடினார், பிறந்த நாளைச் சபித்தார், நீதி கேட்டார். அந்தப் புத்தகத்தின் கடைசி அதிகாரத்தில் கடவுள் யார்மேல் சினம் கொள்கிறார் தெரியுமா? தமக்காக வாதாடிய மூன்று நண்பர்கள்மேல். தம்மைப் பற்றிச் சரியாகப் பேசியவர் யோபுதான் என்கிறார் (42:7). கடவுளிடம் முறையிடுவது அவரை விட்டு விலகுவது ஆகாது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையா?

இந்த யோபு நூல் நம் மண்ணின் புனிதர் ஒருவர் பிறக்கக் காரணமாக இருந்தது. நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்ட பிள்ளையின் வாழ்வில், கால்நடைகள் மடிந்து பயிர்கள் அழிந்து மனம் ஒடிந்துபோன ஒரு காலம் வந்தது என்று நம் மரபு சொல்கிறது. தெய்வங்களுக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தும் ஏன் இப்படி என்று கலங்கியிருந்தவரிடம் யோபுவின் கதையைச் சொன்னவர் டிலனாய். அந்த டிலனாய் யார்? 1741 குளச்சல் போரில் மார்த்தாண்டவர்மா மன்னரிடம் தோற்றுச் சிறைப்பட்ட டச்சுக் கம்பெனிப் படைத்தலைவர். தோற்றவர், சொந்த நாட்டுக்குத் திரும்ப முடியாதவர், தன்னைச் சிறைப்பிடித்த அரசரிடமே வேலை செய்துகொண்டிருந்தவர். எல்லாவற்றையும் இழந்த யோபுவின் கதையை, பலவற்றை இழந்த ஒருவர், இழந்து நின்ற இன்னொருவருக்குச் சொன்னார். நாஞ்சில் நாட்டில் மறையுரை என்று ஒன்று உருப்படியாக நடந்திருந்தால் அதுதான் என்று நமக்குத் தோன்றுவதுண்டு. அதற்குப் பிரசங்க மேடையும் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை.

1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் நீலகண்ட பிள்ளை திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். லாசர் என்ற பெயரின் தமிழ் வடிவம் அது. கடவுளின் உதவி என்று பொருள். அந்தப் பெயரை வைத்துக்கொண்டவருக்கு அதன் பிறகு என்ன உதவி கிடைத்தது? 1749இல் கைது. ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் விலங்கும் அடியும். எருமைமேல் பின்னோக்கி உட்கார வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோன அவமானம். கடைசியில் 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியின் காற்றாடி மலையில் துப்பாக்கிக் குண்டு. அவர் காப்பாற்றப்படவில்லை. யோபுவுக்குக் கிடைத்ததுபோல் இழந்தவை இரட்டிப்பாகத் திரும்பவும் இல்லை. 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதர் என அறிவித்தபோது, இந்தியாவின் முதல் பொதுநிலைப் புனிதர் என்று நாம் பெருமைப்பட்டோம். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் அவர் கல்லறை முன்னே நின்று, வேண்டியது கிடைக்க வேண்டும் என்று மட்டும் கேட்டுவிட்டு வரும்போது, கேட்டது கிடைக்காமலேயே கடவுளைப் பிடித்துக்கொண்டிருந்த மனிதரிடம்தான் நாம் கேட்கிறோம் என்பது நினைவில் இருக்கட்டும்.

புயல் அடிக்காத வீட்டிலும் ஒருவகை இருட்டு உண்டு. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பெரிய இழப்பு எதுவும் இல்லை. பிள்ளைகள் வளைகுடாவிலிருந்து பணம் அனுப்புகிறார்கள், வீடு பெரிதாகக் கட்டியாயிற்று. ஆனால் உள்ளே காய்ந்து கிடக்கிறது. இருபது ஆண்டுகள் மறைக்கல்வி கற்பித்த ஆசிரியைக்கு ஒருநாள் தான் சொல்லும் எதுவும் தனக்கே படவில்லை. அன்பியக் கூட்டத்தில் எல்லாரும் சாட்சியம் சொல்லும்போது ஒருவர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டிருக்கிறார். பலிபீடத்தில் நிற்பவருக்கும் இது வரும். வராது என்று யாரும் எண்ண வேண்டாம்.

கொல்கத்தா அன்னை தெரேசா 1997இல் இறந்தார். தம் ஆன்ம வழிகாட்டிகளுக்கு அவர் எழுதிய கடிதங்கள் 2007இல் நூலாக வந்தபோது உலகம் திகைத்தது. அவற்றை அழித்துவிடும்படி அவரே கேட்டிருந்தார். தெருவில் கிடந்தவர்களைத் தூக்கியெடுக்கும் பணியைத் தொடங்கிய காலத்திலிருந்தே, இடையில் 1958இல் சில வாரங்கள் நீங்கலாக, ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கடவுளின் உடனிருப்பை அவர் உணரவில்லை. உணராமலேயே நாள்தோறும் விடியற்காலையில் எழுந்து நற்கருணைக்கு முன் முழந்தாளிட்டார். உணராமலேயே சகோதரிகளுக்கு மகிழ்ச்சியைப் பற்றிப் பேசினார். சிலர் அன்று இதைப் போலித்தனம் என்று எழுதினார்கள். நமக்கு அப்படித் தோன்றவில்லை. கைநிறைய வாங்கிக்கொண்டு நன்றி சொல்வது எளிது. எதுவும் கிடைக்காத வீட்டுக்கு அரை நூற்றாண்டு போய்க் கதவைத் தட்டியவருடைய அன்பை எதில் சேர்ப்பது? இயேசு சபை அருட்பணியாளர் ஜோசப் நொய்னர், இந்த இருள் அவருடைய பணியின் ஒரு பகுதியே என்று எடுத்துச்சொன்ன பிறகு அன்னையின் மனம் அமைதி கொண்டது. கைவிடப்பட்டவர்களுக்குப் பணி செய்தவர், கைவிடப்பட்ட உணர்வையும் அவர்களோடு பங்கிட்டுக்கொண்டார்.

அப்படிப்பட்ட நாள்களில் எப்படிச் செபிப்பது? கர்தினால் வான் துவான் வியட்நாமில் 13 ஆண்டுகள் சிறையில் இருந்தவர். அதில் 9 ஆண்டுகள் தனிமைச் சிறை. தம்மால் செபிக்கவே முடியாத நீண்ட காலங்கள் இருந்தன என்றும், அப்போதெல்லாம் திருச்சபையின் செபங்களை, ‘விண்ணுலகில் இருக்கிற’ செபத்தையும் ‘அருள் நிறைந்த மரியே’ செபத்தையும் பற்றிக்கொண்டதாகவும் அவர் சொல்லியிருக்கிறார். திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் எதிர்நோக்கைப் பற்றி எழுதிய ‘ஸ்பே சால்வி’ சுற்றுமடலில் இதை எடுத்துக்காட்டுகிறார். அந்த மடல் கையொப்பமான நாள் 2007 நவம்பர் 30, அந்திரேயா திருநாள். ஒக்கி வருவதற்குச் சரியாகப் பத்து ஆண்டுகள் முன்பு. சொந்த வார்த்தை வற்றிப்போனவருக்கு மனப்பாடச் செபம் ஊன்றுகோல். மனது ஒட்டாமல் வாய் மட்டும் சொல்கிறதே என்று வருந்த வேண்டாம். அதுவும் முடியவில்லையா? பக்கத்தில் இருப்பவர் சொல்லட்டும், நீங்கள் உட்கார்ந்திருங்கள். திமிர்வாதக்காரரை நால்வர் கட்டிலோடு தூக்கிவந்து கூரையைப் பிரித்து இறக்கினார்கள். இயேசு பார்த்தது தூக்கிவந்தவர்களின் நம்பிக்கையை என்றுதான் மாற்கு எழுதுகிறார் (மாற் 2:5).

கோபம் மட்டுமே மிஞ்சியிருந்தால் அதற்கும் திருச்சபை ஒரு செபம் வைத்திருக்கிறது. திருப்பாடல் 88ஐ எடுத்துப் பாருங்கள். மற்றப் புலம்பல் பாடல்கள் பெரும்பாலும் அழுகையில் தொடங்கிப் புகழ்ச்சியில் முடியும். இது இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. ஆறுதலாக ஒரு வரி இல்லை. இப்படி ஒன்றைத் திருநூலில் வைத்திருக்கவே தேவையில்லை என்று தோன்றும். ஆனால் திருப்புகழ்மாலையில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இரவுச் செபத்தில் இதைத்தான் உலகெங்கும் குருக்களும் துறவியரும் செபிக்கிறார்கள். அன்று அவர்கள் உள்ளம் மகிழ்ச்சியாக இருந்தாலும் செபிக்கிறார்கள். அந்த வேளையில் வேறெங்கோ இருட்டில் கிடக்கும் ஒருவருக்காக.

இன்னொன்றையும் மறைக்காமல் பேச வேண்டும். எல்லா வெறுமையும் ஆன்மீக இருள் அல்ல. 16ஆம் நூற்றாண்டிலேயே சிலுவையின் புனித யோவான் ஆன்மாவின் இருளையும், உடல் மன நோயால் வரும் சோர்வையும் வேறு பிரித்துச் சொல்லியிருக்கிறார். வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் ஈடுபாடில்லை, செத்துவிடலாம் என்ற நினைப்பு திரும்பத் திரும்ப வருகிறது என்றால் அது நோய். சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுவதுபோல் இதற்கும் மருந்து உண்டு. ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போவதில் வெட்கம் எதற்கு? 14416 என்ற அரசின் இலவச எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். தியானத்துக்குப் போனால் சரியாகிவிடும் என்று மருந்தை நிறுத்தச் சொல்கிறவர்கள் சொல்லைத் தயவுசெய்து கேட்காதீர்கள்.

தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டவர்களின் வீட்டாரும் இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். பழைய திருச்சபைச் சட்டம் அவர்களுக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. 1983இன் சட்டத்தொகுப்பில் அந்தத் தடை இல்லை. கடும் மன உளைச்சலும் அச்சமும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும் என்றும், அவர்களுடைய மீட்பைப் பற்றி நாம் எதிர்நோக்கு இழக்கலாகாது என்றும், கடவுள் தமக்கு மட்டுமே தெரிந்த வழிகளில் அவர்களுக்கு வாய்ப்பளிக்கக் கூடும் என்றும், திருச்சபை அவர்களுக்காகச் செபிக்கிறது என்றும் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி சொல்கிறது (எண்கள் 2282, 2283). ஆனாலும் ஊரில் இன்னும் பழைய பேச்சு இருக்கிறது. கல்லறைத் தோட்டத்தின் மூலையைக் காட்டிப் பேசுகிற அந்தப் பேச்சை நாம் நிறுத்த வேண்டும். அந்தத் தாய் தகப்பனுக்கு வேறு சுமை வேண்டாம்.

சரி, கிறிஸ்தவ எதிர்நோக்கு எதன்மேல் நிற்கிறது? எபிரேயர் திருமுகம் அதை நங்கூரம் என்கிறது (எபி 6:19). ஆழ்கடல் போகிறவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். அந்த ஆழத்தில் நங்கூரம் எங்கே தரை தொடும்? திருமுகத்தின் ஆசிரியரும் கடல் அடியைச் சொல்லவில்லை. இந்த நங்கூரம் திரைச்சீலைக்கு அப்பால், இயேசு நமக்கு முன்னோடியாக நுழைந்த இடத்தில் பதிந்திருக்கிறது என்கிறார். நம் உள்ளத்தின் உறுதியில் அது பதிந்திருந்தால் என்றோ பிடுங்கிக்கொண்டு போயிருக்கும்.

புனித சனிக்கிழமையை நாம் சரியாகக் கவனிப்பதில்லை. பெரிய வெள்ளிக்குக் கூட்டம் நிற்க இடமிருக்காது. பாஸ்கா இரவுக்கும் அப்படித்தான். நடுவில் உள்ள பகல் வீடு கழுவவும் இறைச்சி வாங்கவும் போய்விடுகிறது. அன்று பகலில் ஒருமுறை ஆலயத்துக்குள் போய்ப் பாருங்கள். பலிபீடத்தில் துணி இல்லை. நற்கருணைப் பேழை திறந்து வெறுமையாக இருக்கும். திருப்பலி கிடையாது. கடவுள் இல்லாத ஊர்போல இருக்கும். அந்த வெறுமையைத் திருச்சபை ஆண்டுக்கு ஒருமுறை வேண்டுமென்றே வைத்திருக்கிறது. அதை மூடி மறைக்கவில்லை. அந்தச் சனிக்கிழமைதான் இயேசு பாதாளத்தில் இறங்கியிருந்தார் என்று நம்பிக்கை அறிக்கையில் சொல்கிறோம். மேலே இருந்தவர்களுக்கு எதுவும் நடக்கவில்லை என்று தெரிந்த நேரத்தில், இறந்தவர்கள் கிடந்த இடத்துக்கே அவர் போயிருந்தார். மீட்புப் படகும் விமானமும் எட்டாத இடம் ஒன்று உண்டு. அங்கே அவர் எட்டியிருக்கிறார். தூத்தூரிலும் சின்னத்துறையிலும் வள்ளவிளையிலும் உள்ள அந்த வீடுகளுக்கு நாம் சொல்லத் துணிவது இவ்வளவுதான்: உங்கள் ஆள் யாருமில்லாத இடத்தில் கிடக்கவில்லை.

2025இல் நவம்பர் 30 ஞாயிற்றுக்கிழமையாக இருந்தது. திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறும் அதுவாகவே இருந்தது. அந்த முதல் ஞாயிறில் ஆலயங்களில் நான்கு மெழுகுதிரிகளில் முதல் திரியை ஏற்றுவோம். அதை எதிர்நோக்கின் திரி என்று அழைக்கும் வழக்கம் உண்டு. அன்றைய திருப்பலியில் கடலில் போனவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்கலாமா என்று உங்கள் பங்குப்பணியாளரிடமும் பங்குப் பேரவையிடமும் கேட்டுப்பாருங்கள். உள்நாட்டுப் பங்குகளும் கேட்கலாம்; கடற்கரைக்கு மட்டும் உரிய துக்கம் இல்லை இது. கருத்து நோட்டை எடுத்து எழுதும்போது, இத்தனை ஆண்டுக்குப் பிறகும் ‘நலமாகத் திரும்பி வர’ என்றே எழுதச் சொல்லுகிற ஒரு தாய் வந்தால், எழுதுகிறவர் அதை அப்படியே எழுதட்டும். திருத்த வேண்டாம்.